இடது, வலது, நேராக

காலணியைக் கழற்றுங்கள்.
சுவரில் ஒட்டியிருக்கும் அளவு நாடாவுக்கு முன்னால் நில்லுங்கள்.
இடது பக்கம். வலது பக்கம். நேராக.
ஒரு நாளைக்கு நாற்பது முகங்களிடம்
இதையே சொல்லிச் சொல்லி
வீட்டில் பூனையிடமும் சொல்லிவிட்டேன் ஒருமுறை.
அது திரும்பவில்லை.

சோபியாவில், டிராம் கடைசியாக வளையும் இடத்தில்
எங்கள் அலுவலகம்.
வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து எடுக்கும் படங்களுக்கு
ரோமானிய வீரன், ரஷ்ய ரவுடி, மூன்றாவது பிணம்
எல்லாம் இந்த மாடிப்படியில் இறங்கித்தான் போகிறார்கள்.

உயரம், எடை, கண்ணின் நிறம், காலணி அளவு
மளமளவென்று நிரப்புகிறவர்கள்
'தழும்புகள்' என்ற கட்டத்தில்
பேனாவை நிறுத்துகிறார்கள்.
வெளியே தெரிகிறதா, மொத்தமுமா?
என்று கேட்டாள் ஒருத்தி.

மிலேன் நான்காவது வருடமாக
இருபத்தொன்பது வயதில் இருக்கிறான்.
தொப்பியைக் கழற்றச் சொன்னால்
முதலில் ஜன்னலைச் சாத்துகிறான்,
காற்று வந்து
உள்ளதையும் எண்ணிவிடும் என்பதுபோல.

ராதோஸ்தினாவுக்கு மூக்கு
பக்கவாட்டில் மட்டும்தான் பெரிதாம்.
நான் பக்கவாட்டை எடுக்காமல் விட்டுவிடலாம் அல்லவா?
அறுவைக்கு ஆகும் பணமும்
லண்டனில் ஒரு வருடம் நடிப்புப் படிக்க ஆகும் பணமும்
கிட்டத்தட்ட ஒன்றாம்.
எதை முதலில் செய்யட்டும்?
இருபத்துநாலு தாமதமா?
ஏஜெண்ட் இல்லாமல் முடியுமா?
என்னிடம் கேட்கிறாள்.
நான் பொத்தானை அமுக்குகிறவள்.
கண்ணை மூடாதே என்று மட்டும் சொன்னேன்.

யாவோர் விடியற்காலையில் ரொட்டி வண்டி ஓட்டுகிறான்.
பதினோரு வயதில் பனிச்சறுக்கு வண்டியோடு
மரத்தில் மோதி
முன்பல் பாதி உடைந்தவன்.
அந்தப் பாதிப் பல்லுக்கு எட்டுப் படம் கிடைத்தது.
எட்டிலும்
கதவைத் திறப்பான், சிரிப்பான், சாவான்.

இரண்டு குளிர்காலம் பணம் சேர்த்து
பல்லை முழுதாக்கிக்கொண்டு வந்தான் மார்ச்சில்,
மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய் நூல் கட்டி.
இனி டாக்டராக நடிக்கலாம், என்றான்,
ஒரு குழந்தைக்கு அப்பாவாக.
அறைக்குள் வெளிச்சம் போதுமாக இருந்தது அன்று,
நான் விளக்கைப் போடவில்லை.

படங்களை அனுப்பினேன்.
யார் இது, என்று பதில் வந்தது.
பழைய ஆளை அனுப்புங்கள்.

ஒரு வாரம் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்,
தபாலில் மாறி வந்த அடுத்த வீட்டுக் கடிதத்தை
வைத்திருப்பதுபோல.
பிறகு எப்படியோ அவனையே எடுத்தார்கள்.
தினம் காலையில் பன்னிரண்டு நிமிடம்
ஒப்பனைக்காரி அவனுடைய புதுப்பல்லில்
பாதியைக் கறுப்பு மையால் அழித்தாள்.
கதவைத் திறந்தான். சிரித்தான்.
ஒன்பது.

நேற்று படிவத்தைத் திருத்த வந்தான்.
தழும்புகள் என்ற கட்டத்தில்
'தேவைப்பட்டால்' என்று எழுதினான்.
அதற்கான குறியீடு எங்கள் கணினியில் இல்லை.

குனிந்து காலணி மாட்டும்போதுதான் சொன்னான்:
முதல் நாள் அந்த டைரக்டர்,
இந்த வேஷம் உனக்குச் சம்மதமா என்று கேட்டாராம்.
இவன் நம் ஊர் வழக்கப்படி
தலையை இடமும் வலமும் ஆட்டினான்.
நமக்கு அது ஆமாம்.
அவர் ஊரில் அது முடியாது.
அவர் முகம் வாடிவிட்டது.
மன்னித்துக்கொள், இன்றைக்கு என்னிடம்
இதுதான் இருக்கிறது, என்றாராம்
தோளில் கை வைத்து.

நான் அதைத் திருத்தவில்லை, என்றான் யாவோர்.
ஒன்பது படத்தில் ஒருவர் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான்.

அவன் இறங்கிப் போனதும்
அடுத்தவரைக் கூப்பிட வெளியே எட்டிப் பார்த்தேன்.
ராதோஸ்தினா மறுபடியும் வந்திருந்தாள்.
வெயில் நன்றாக ஏறிவிட்ட அந்த நேரத்திலும்
மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டபடி
பெஞ்சில்,
எனக்கு நேராக முகத்தை வைத்து
உட்கார்ந்திருந்தாள்.